நான்கு காவலும் ஐந்து கதவும்

துப்பறியும் நாவல் ஒன்றை எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் முதற்கண் என்னை மன்னித்தருள வேண்டும். இதுவரை என் எழுத்தில் அச்சேறியது தண்ணீர்க் குழாய் குறித்த ஒரு புகார்க் கடிதம் மட்டுமே. அதிலும் பாதியைப் பத்திரிகையார் வெட்டிவிட்டார்கள். இவ்வத்தியாயத்தில் உயர்பதவி வகிக்கும் ஒருவரைப் பற்றி மரியாதைக் குறைவாக எழுத நேர்ந்துவிடுமோ என்னும் அச்சத்தால் மூன்று முறை எழுதிக் கிழித்தேன். அவரைப் பற்றிய என் கருத்து எதையும் கூறாமல், அவர் செய்ததையும் சொன்னதையும் மட்டும் எழுதினால் போதும் என்பது நான்காம் முறைதான் புலப்பட்டது. அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

துப்பறியும் அம்மையாரை எவரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எடை அளவுத் துறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்து, மேலதிகாரிகளை ஒருவர் விடாமல் பகைத்துக்கொண்டு வெளியேறியவர் ஆதலால், ‘தராசு’ என்றே வழங்கப்பட்டார். அவருடைய உதவியாளரை ‘வால்’ என்பார்கள். மேடை அறிவிப்பாளராக இருந்தவர். பாட்டைவிட அறிவிப்புக்கே கைதட்டல் அதிகம் கிடைக்கிறது என்று பாடகர்கள் புகார் செய்ததால் வேலை இழந்தவர். வயது நாற்பதைத் தாண்டியும் வாய் அடங்கவில்லை.

அன்று காலை ஒன்பதரை மணிக்கு அவர்களுடைய மாடி அறைக்கு ஓர் அம்மாள் வந்தார். படியேறிய மூச்சு தணியும் முன்பே, தாம் ஒரு மாமியார் என்றும் மருமகளைப் பற்றிப் பேச வந்திருப்பதாகவும் கூறினார். வால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே, அந்த வகை வழக்குக்கு இந்த அறை போதாது, மைதானம்தான் பார்க்க வேண்டும் என்றார். அம்மாள் சிரிக்கவில்லை. அடுத்து அவர் கூறியதைக் கேட்டபின் வாலும் சிரிக்கவில்லை.

மருமகள், மருத்துவமனைகளுக்குக் குளிர்ப்பெட்டி செய்யும் நிறுவனம் ஒன்றில் நிரல் எழுதும் பொறியாளர். அந்நிறுவனத்தின் பெட்டி ஒன்று கண் வங்கியில் இருந்தது. இறந்தவர்களிடமிருந்து பெற்ற கருவிழிகளை, உரியவருக்குப் பொருத்தும் வரை, நான்கு டிகிரி குளிரில் அதில் வைத்திருப்பார்கள். நாற்பத்திரண்டு நாட்களுக்கு முன் ஒரு பிற்பகலில் அப்பெட்டி தன்னைத்தானே உறைநிலைக்குக் கீழே இறக்கிக்கொண்டது. எச்சரிக்கை மணியும் ஒலிக்கவில்லை. மறுநாள் காலையில் திறந்து பார்த்தபோது பதினேழு கருவிழிகளும் உறைந்து கிடந்தன. உறைந்த கருவிழியால் எவருக்கும் பயன் இல்லை.

தவறு மருமகள் எழுதிய பகுதியில்தான் என்று நிறுவனத்தின் அறிக்கை கூறியது. அவரைப் பணியிடை நீக்கம் செய்திருந்தார்கள். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு நிர்வாகத்தினர் அவ்வறிக்கையில் கையெழுத்திட இருந்தார்கள். இட்டுவிட்டால் வேலை மட்டுமா போகும்? பதினேழு பேருக்கு வரவிருந்த பார்வையைக் கெடுத்தவர் என்னும் பெயர் அவர் எங்கே போனாலும் கூடவே போகும்.

அந்தப் பதினேழில் இரண்டு, அம்மாளின் கணவருடையவை. பெட்டி பழுதாவதற்கு முந்தைய நாள்தான் அவர் காலமானார். கண்தானப் படிவத்தைக் கொண்டுவந்து, கையெழுத்திட வேண்டிய இடத்தை மாமனாருக்கு விரலால் காட்டியவர் மருமகளே. தாங்கள் செய்த பெட்டியில்தான் வைப்பார்கள் என்று பெருமையாகவும் சொல்லியிருக்கிறார்.

“நாப்பத்தொரு நாளா அவ என் முகத்தைப் பாக்கல” என்றார் அம்மாள். “தட்டைக் கொண்டுவந்து வெச்சிட்டு உள்ளே போயிடறா. நானும் ஒண்ணும் கேக்கல. கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா நான் என்ன பண்றது?”

என்ன வேண்டும் என்று தராசு கேட்டார்.

“அவதான்னா அவதான்னு என்கிட்ட சொல்லுங்க, தாங்கிக்கறேன். இல்லன்னா ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. நான் கொண்டுபோய் அவகிட்டக் காட்டணும்.”

குற்றம் சாட்டப்பட்டவர் தம் சார்பில் ஒருவரை அனுப்பி ஆதாரங்களைப் பார்வையிடலாம் என்று நிறுவனத்தில் ஒரு விதி இருந்தது. மருமகள் எவரையும் அனுப்ப விரும்பவில்லை. மாமியார் நீட்டிய தாளில் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாராம். அந்தத் தாளை அம்மாள் மடிப்புக் கலையாமல் கொண்டுவந்திருந்தார்.

பத்தே முக்கால் மணிக்குத் தராசும் வாலும் நிறுவனத்தின் வரவேற்பறையில் காத்திருந்தார்கள். எதிர்ச்சுவரில், தங்கநிறச் சட்டமிட்ட நான்கு படங்கள் தொங்கின. நான்கிலும் அதே குளிர்ப்பெட்டி. திறந்த கதவைப் பிடித்தபடி, நீலச் சட்டையில், அகலச் சிரிப்புடன் ஒரே மனிதர். பக்கத்தில் நிற்பவர்கள் மட்டும் படத்துக்குப் படம் வேறு வேறு. ‘கண் வங்கியில் சிறப்பு விருந்தினர்கள்’ என்று கீழே பொறித்து, தேதியும் இட்டிருந்தது.

வால், விருந்தாளிகள் மாறுகிறார்கள், சிரிப்பு மட்டும் மாறவில்லை, ஒரு தடவை வாங்கினால் நாலு தடவை உழைக்கிற சரக்கு போலிருக்கிறது என்றார். தராசு எழுந்து ஒவ்வொரு படத்தின் முன்பும், மூக்கு சட்டத்தில் இடிக்கும் அளவுக்கு நெருங்கி நின்று பார்த்தார். குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். என்ன என்று வால் கேட்டதற்கு, சட்டை நன்றாக இருக்கிறது என்று மட்டும் கூறினார்.

படத்தில் இருந்தவர் நேரிலும் வந்தார். அவர்தான் தலைமைப் பொறியாளர். எதைத் தொடங்கினாலும் “முன்னுரையா ஒண்ணு சொல்லிடறேன்” என்று தொடங்குவார் ஆகையால், அவருக்குக் கீழே பணிபுரிவோர் அவரை ‘முன்னுரை’ என்றே தமக்குள் குறிப்பிட்டார்கள். அன்றைய முன்னுரை பதினொரு மணிக்குத் தொடங்கிப் பதினொன்று நாற்பதுக்கு முடிந்தது. பெட்டியின் வரலாறு, தாம் அதற்குப் பட்ட பாடு, தமக்குக் கிடைத்த பாராட்டுகள் ஆகியவற்றை அது உள்ளடக்கியிருந்தது. கருவிழி என்னும் சொல் அதில் ஓரிடத்திலும் வரவில்லை.

பிறகு அவர், தராசு கணினி படித்தவரா என்று விசாரித்தார். இல்லை என்றதும், அப்படியானால் எளிமையாகச் சொல்வதாக வாக்களித்தார்.

“எளிமையாவே சொல்லுங்க சார்” என்றார் வால். “படிச்சவங்களுக்கும் அது ஒத்துக்கும்.”

பெட்டியின் முகப்பில் இரண்டு எண்கள் தெரியும். மேலே இருப்பது உள்ளே நிலவும் குளிர். கீழே இருப்பது, எவ்வளவு குளிர் வேண்டும் என்று பெட்டிக்கு இடப்பட்டிருக்கும் கட்டளை. அந்தக் கீழ் எண்தான் நான்கிலிருந்து தானாக இறங்கியது. நிரல் என்பது வரிசையாக எழுதப்பட்ட கட்டளைகள். சிப் அவற்றை ஒவ்வொன்றாக நிறைவேற்றிக்கொண்டே போகும். அதை நடுவழியில் நிறுத்தி உள்ளே பார்ப்பதற்கான மென்பொருளுக்கு டீபக்கர் என்று பெயர். நிரலில் ஓரிடத்தில் பிரேக்பாயிண்ட் வைத்தால், அது அந்த வாசலில் ஒரு காவல்காரரை நிறுத்துவது போல. சிப் அந்த வாசலை மிதித்த கணமே எல்லாம் நின்றுவிடும்.

கீழ் எண்ணோடு தொடர்புடைய பகுதிகள் ஐந்து என்று அறிக்கை கூறியது: பொத்தான், மின்தொடக்கம், தொலைக்கட்டளை, எச்சரிக்கை மணி, கதவு. ஐந்திலும் காவல் வைத்து, பெட்டியைச் சோதனைக்கூடத்தில் நாள் முழுவதும் ஓடவிட்டார்களாம். எண் நான்கிலிருந்து இரண்டாக இறங்கியது. அவ்வளவு நேரத்திலும் சிப் மிதித்து நின்ற வாசல் ஒன்றே ஒன்று: எச்சரிக்கை மணி. அதை எழுதியவர் மருமகள். ஐந்து கட்டங்கள் கொண்ட படிவத்தில் ஐந்து கட்டத்திலும் ‘காவல் வைக்கப்பட்டது’ என்று குறியிட்டு, முன்னுரை அழகாகக் கையெழுத்திட்டிருந்தார். மருமகள் எழுதிக் கொடுத்த இரண்டு வரி விளக்கமும் இணைக்கப்பட்டிருந்தது. ‘மணி ஒலிக்கவில்லை. அந்தப் பகுதி நான் எழுதியது.’

“குற்றத்தை அவங்களே ஒத்துக்கிட்டாங்க, பாருங்க” என்றார் முன்னுரை. வேலை இருப்பதாகக் கூறி, மூன்று மணிக்குச் சந்திப்பதாகச் சொல்லிவிட்டு, தேநீருக்குச் சென்றார்.

இரண்டாம் மாடியில் சோதனைக்கூடம். குளிர்ப்பெட்டி ஒன்று சுவரோரமாக உறுமிக்கொண்டிருந்தது. அதன் மூளையான பச்சைப் பலகையை வெளியே இழுத்து மேசைமேல் வைத்து, தட்டையான கம்பியால் கணினியோடு இணைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்பவரை, எந்நேரமும் ஈயம் பற்றவைப்பவர் என்பதால், ‘ஈயம்’ என்று அழைத்தார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்; கேட்காததைச் சொன்னால் இந்த நிறுவனத்தில் என்ன நடக்கும் என்று பதினான்கு ஆண்டுகளாகப் பார்த்தவர்.

தராசுக்குப் பழைய தொழிற்பழக்கம் ஒன்று உண்டு. எந்தக் கருவியைக் கண்டாலும் அது எவ்வளவு தாங்கும் என்று அதன் தகட்டில் தேடிப் படிப்பார். ஐம்பது கிலோ மட்டுமே தாங்கும் தராசில் எண்பது கிலோ நிறுத்ததாக ரசீது எழுதிய ஒரு வியாபாரியை அவர் முன்பு அப்படித்தான் பிடித்தார். வியாபாரி பொய் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தார். இவர் தகட்டைத் துடைத்துக் காட்டினார்.

“தம்பி, இந்தச் சிப்புல காவல்காரங்க எத்தனை பேர்?” என்று ஈயத்திடம் கேட்டார்.

ஈயம் பற்றவைக்கும் கோலைத் தாங்கியில் வைத்தார். அலமாரியிலிருந்து தடித்த கையேடு ஒன்றை எடுத்தார். அதன்மேல் படிந்திருந்த தூசு, அந்தக் கேள்வியைக் கடைசியாக எவரும் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்பதைத் தெரிவித்தது. பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்தார்.

“நாலு.”

“அஞ்சாவது வெச்சா?”

“வைக்க விடாது. இடமில்லைன்னு சொல்லிடும்.”

சாதாரணக் கணினியில் எத்தனை பிரேக்பாயிண்ட் வேண்டுமானாலும் வைக்கலாமே என்று வால் தம் மைத்துனர் ஒருமுறை சொன்னதை நினைவுகூர்ந்தார். ஈயம் ஒப்புக்கொண்டார். அங்கே டீபக்கர் நிரலிலுள்ள கட்டளையை அழித்துவிட்டு ‘நில்’ என்று ஒரு சீட்டை எழுதி வைக்கும். பிறகு பழையபடி மாற்றிவிடும். இந்தப் பெட்டியிலோ நிரல் ஓடும்போது திருத்த முடியாத நினைவகத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. சீட்டு ஒட்ட வழியில்லை. சிப்புக்குள்ளேயே பிறந்த காவல்காரர்கள்தான் கதி. அவர்கள் நால்வர். ஐந்தாமவர் பிறக்கவில்லை.

வால் படிவத்தை எடுத்து ஐந்து குறிகளையும் விரல்விட்டு எண்ணினார். நாலு பேரை வைத்துக்கொண்டு ஐந்து வாசலில் நிறுத்தியவர் சாதாரண ஆள் இல்லை, வீட்டில் ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் உட்காருவார் போலிருக்கிறது என்றார்.

முன்னுரையைத் தேடிக்கொண்டு உணவறைக்குப் போனார்கள். அவர் சற்றும் கலங்கவில்லை. நான்குதான் உண்டு என்பது தமக்குத் தெரியாமல் போகுமா என்றார். பிறகு ஐந்துக்கும் குறியிட்டது ஏன் என்று தராசு கேட்டார்.

“படிவத்துல அஞ்சு கட்டம் இருக்கும்மா. ஒண்ணைக் காலியா விட்டா தணிக்கையில திருப்பி அனுப்பிடுவாங்க.”

விடப்பட்டது எந்த வாசல் என்றும் தராசு கேட்டார். கதவுப் பகுதி என்றார். அது அற்பமான பகுதி என்றும், தமக்கு நன்கு தெரிந்தது என்றும், அதற்குக் காவல் வைப்பது நேர விரயம் என்றும் விளக்கினார். பிஸ்கட்டின் துகளைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டார். அதே நீலச் சட்டை.

திரும்பி வரும் வழியில் ஈயம், கேட்காமலே ஒரு செய்தி சொன்னார். பதினான்கு ஆண்டுகளில் அது முதல் முறையாக இருக்கலாம். எச்சரிக்கை மணிப் பகுதி ஒவ்வொரு நொடியும் ஓடுவது. உள்ளே உள்ள குளிரையும் கட்டளை எண்ணையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். வேறுபாடு அதிகமானால் மணி அடிக்கும். ஆகையால் அந்த வாசலில் காவல் வைத்தால் நொடிக்கு ஒருமுறை நிற்கத்தான் செய்யும். அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

“அதாவது, விடிஞ்சதுலேருந்து ரோந்து போறவங்களை, அடிக்கடி தெருவுல பாத்தோம்னு பிடிச்சு உள்ளே போட்டிருக்காங்க” என்றார் வால். “தெருவுக்கே வராதவர் கையெழுத்துப் போட்டிருக்கார்.”

மணி ஏன் அடிக்கவில்லை என்பதும் அப்போதே விளங்கிற்று. கட்டளை எண்ணே இறங்கிக்கொண்டிருந்தது, குளிரும் கூடவே இறங்கிற்று, இரண்டும் ஒத்திருந்தன. ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குச் சந்தேகம் வர வழியில்லை. கட்டளை எண்ணோடு ஒப்பிடுமாறு மருமகளுக்கு எழுத்தில் பணித்தவரும் முன்னுரையே.

ஆயினும், மணியைப் பற்றிய விளக்கம் மருமகளைக் காப்பாற்றப் போதாது. எண்ணை மாற்றியது யார் என்பது தெரிய வேண்டும். அப்போது பிற்பகல் ஒரு மணி.

தராசு மேசையருகே அமர்ந்தார். ஐந்து வாசலுக்கு ஆள் தேடுவானேன், களவு போகும் பொருளின் பக்கத்தில் ஒருவரை நிறுத்தினால் ஆகாதா என்று கேட்டார்.

ஆகும் என்றார் ஈயம். அதற்கு வாட்ச்பாயிண்ட் என்று பெயர். நினைவகத்தில் அந்த எண் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டால் போதும். யார் எங்கிருந்து வந்து அதில் எழுதினாலும் சிப் நின்றுவிடும். அந்த வகைக் காவல்காரர்களும் இந்தச் சிப்பில் இருவர் உண்டு. முன்னுரை அதை முயன்று பார்த்ததாக அறிக்கையில் ஒரு வரி இருந்தது: ‘வாட்ச்பாயிண்ட் பயனற்றது.’ அவர் சிப்பின் காவல்காரரைக் கூப்பிடவில்லை. டீபக்கரையே காவலுக்கு விட்டிருக்கிறார். அது ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் சிப்பை நிறுத்தி, எண்ணை எட்டிப் பார்த்து, மீண்டும் நடக்கவிடும். பெட்டி ஊர்ந்தது. ஊர்வதைக் கண்ட பாதுகாப்புச் சுற்று, சிப் செத்துவிட்டதென்று கருதி, சில நொடிக்கொருமுறை அதைப் புதிதாகத் தொடங்கி வைத்தது. தவறு நடக்கும் கட்டத்துக்குப் பெட்டி போய்ச் சேரவே இல்லை.

சிப்பிலேயே இருவர் இருப்பதை அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று தராசு வினவினார்.

“அவர் கேக்கல” என்றார் ஈயம்.

எண் இறங்கிய அந்தச் சோதனை நாளில் பெட்டியருகே என்ன நடந்தது என்றும் தராசு கேட்டார். உள்ளே ஓர் உணர்கருவிக் கம்பி விட்டுப்போயிருந்ததால் கதவைத் திறந்து வைத்துப் பற்றவைத்ததாக ஈயம் கூறினார். அப்படியே இன்றும் செய்யுமாறு தராசு பணித்தார்.

இரண்டு மணி ஆகும்போது சோதனைக்கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருவர் வந்து நின்றார்கள். ஒருவர் மாமியார். மற்றவர், தலை குனிந்தபடி, மருமகள். விசாரணைக்கு முன்னதாகவே வந்துவிட்டார்கள். இருவருக்கும் இடையே இன்னொருவர் நிற்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது. தேநீர் முடித்து வந்த முன்னுரையும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே வந்து நின்றார்.

ஈயம் வாட்ச்பாயிண்டை வைத்தார். பெட்டி முழு வேகத்தில் ஓடியது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அரை நிமிடம். முக்கால் நிமிடம். ஒரு நிமிடம் கடந்ததும் பெட்டியின் உறுமல் நின்றது. முகப்பில் கீழ் எண் இரண்டு என்று காட்டியது. கணினித் திரையில் ஒரு மஞ்சள் அம்பு வந்து ஒரு வரியைச் சுட்டி நின்றது.

அது எச்சரிக்கை மணிப் பகுதியின் முதல் வரி.

வாலின் வாய் முதல்முறையாகத் தானாக மூடிக்கொண்டது. முன்னுரை கண்ணாடிக் கதவைத் தாமே திறந்து, மருமகளை உள்ளே அழைத்து, திரையைக் காட்டினார். தாம் நாற்பத்தொரு நாட்களுக்கு முன் சொன்னதையே வெளியாரின் சோதனையும் உறுதி செய்துவிட்டதாகவும், அவர்கள் பட்ட சிரமத்துக்கு நன்றி என்றும் கூறினார். கீழ்த்தளத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, பணிநீக்கக் கடிதத்தைத் தட்டச்சு செய்யலாம் என்றார். மருமகள் திரையைப் பார்க்கவேயில்லை. மாமியார்தான் பார்த்தார். அவருக்கு அந்த எழுத்துகள் புரியாது, அம்பு புரிந்தது.

தராசு மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, கடைக்காரர் தட்டுல கையை வெச்சு அமுக்கறார். முள்ளு ஆடி நிக்கறப்போ அவர் கை எங்கே இருக்கும்?”

ஈயம் சற்று யோசித்தார். “எடுத்திருப்பார்.”

“இந்த அம்பு, கை வெக்கும்போது நின்னதா, எடுத்த பிறகு நின்னதா?”

ஈயம் கையேட்டை மறுபடியும் எடுத்தார். இம்முறை தூசு இல்லை. வரியை இருமுறை படித்தார். இந்த வகைச் சிப்பில் வாட்ச்பாயிண்ட், எழுதி முடித்த பிறகே நிறுத்தும். அம்பு காட்டுவது எழுதியவரை அல்ல. அடுத்து நடக்கவிருக்கும் கட்டளையை. எழுதியவர் ஓர் அடி பின்னால் இருப்பார்.

“அப்போ, சத்தம் கேட்டு வெளியே வந்த பக்கத்து வீட்டுக்காரங்களைத்தான் காட்டுது” என்றார் வால். வாய் திரும்பி வந்துவிட்டது. “திருடர் மாடிப்படியில இறங்கிட்டிருக்கார்.”

ஈயம் திரையை ஒரு வரி மேலே நகர்த்தினார். அங்கே கதவுப் பகுதி முடிந்தது. அதன் கடைசி வரி, கதவு ஒரு நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால் கட்டளை எண்ணிலிருந்து இரண்டைக் கழிக்குமாறு கூறியது. கழித்ததைத் திரும்பக் கூட்டும் வரி எங்கும் இல்லை. கீழே, மருமகளின் பகுதி முழுவதையும் ஈயம் மெதுவாக ஓட்டிக் காட்டினார். அது அந்த எண்ணை எடுத்துப் படித்தது, ஓரிடத்திலும் எழுதவில்லை.

எந்த வரியை எவர் எப்போது சேர்த்தார் என்பதை அந்நிறுவனத்தின் கணினி பதிந்து வைத்திருந்தது. ஈயம் ஒரு விசையைத் தட்டினார். கழிக்கும் வரியின் அருகே தலைமைப் பொறியாளரின் பெயர் தோன்றியது. காரணம் என்ற இடத்தில் ‘அழகுத் திருத்தம்’ என்று இருந்தது. எழுத்தின் நிறம், எண்ணின் பருமன் போன்ற அழகுத் திருத்தங்களை இரண்டாம் ஆள் சரிபார்க்க வேண்டியதில்லை என்பது அங்குள்ள நடைமுறை. அந்நடைமுறையை வகுத்தவரும் அவரே.

முன்னுரை மறுக்கவில்லை, விளக்கினார். விருந்தினர்களுக்குக் கதவைத் திறந்து காட்டும்போது மேல் எண் நான்கிலிருந்து ஏழுக்கு ஏறிவிடுகிறது. அது பார்க்க நன்றாக இல்லை. கட்டளையைக் கொஞ்சம் இறக்கினால் எண் விரைவில் கீழே வந்துவிடும். பின்னர் மீட்டுவிடலாம் என்று எண்ணியிருந்தார். வேலைப் பளுவில் மறந்துவிட்டது. ஆயினும் ஒருமுறை திறந்தால் இரண்டுதானே குறையும், அதனால் எதுவும் உறைந்துவிடாதே என்றும் கேட்டார்.

தராசு வாலைப் பார்த்து, வரவேற்பறைச் சுவரில் தொங்கும் அந்த நான்கு நீலச் சட்டைகளையும் கொண்டுவரச் சொன்னார்.

மூன்று மணிக்கு விசாரணை அறையின் நீள மேசையில், நிர்வாகத்தினர் மூவருக்கு முன்னால், வால் தங்கநிறச் சட்டமிட்ட நான்கு படங்களையும் வரிசையாக வைத்தார். நான்கும் பதினேழு கருவிழிகள் உறைந்த அதே பிற்பகலில் எடுக்கப்பட்டவை. தராசு ஒவ்வொன்றிலும், சிரிக்கும் மனிதரின் முழங்கைக்கு அருகே தெரியும் கீழ் எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். முதற் படத்தில் நான்கு. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் பூஜ்யம். நான்காவதில் மைனஸ் இரண்டு. ஐந்தாவது படம் எடுக்கவில்லை; எடுத்திருந்தால் மைனஸ் நான்கு. நான்காம் விருந்தினரும் போய்விட்டார்.

“நாப்பது நாளா உங்க வாசல்லயே மாட்டி வெச்சிருக்கீங்க” என்றார் தராசு. “சிரிப்பைப் பாத்தவங்க நம்பரைப் பாக்கல.”

முன்னுரை தம் பக்கத்தைக் கூற எழுந்தார். முன்னுரையாக ஒன்று சொல்லிவிடுவதாகத் தொடங்கினார். நிர்வாகத்தினரில் ஒருவர், தயவுசெய்து உட்காருமாறு கேட்டுக்கொண்டார். அறிக்கை கையெழுத்தாகவில்லை. மருமகளை உடனே பணிக்குத் திரும்புமாறு கேட்டார்கள். யோசித்துச் சொல்வதாக அவர் கூறினார்.

வெளியே, படிக்கட்டின் திருப்பத்தில், தராசு குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இரண்டு வரி எழுதி மாமியாரிடம் கொடுத்தார். ‘உங்கள் மருமகள் அந்த எண்ணைப் படித்தார். எழுதவில்லை.’ மாமியார் அதைத் தாம் படிக்காமலே மருமகளிடம் நீட்டினார்.

மருமகள் தாளை வாங்கிப் படித்தார்.

“மணி அடிக்கலையே அத்தை” என்றார். “அது என்னோடதுதானே. அடிச்சிருந்தா மாமாவோட…”

“அடிச்சிருந்தா நீ ஓடியிருப்பே. எனக்குத் தெரியாதா?” என்றார் மாமியார். “நிமிர்ந்து பாரும்மா முதல்ல. எத்தனை நாளாச்சு.”

மருமகள் நிமிர்ந்தார். வால் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; தராசு அவர் காலை மிதித்தார்.

இந்நிகழ்ச்சியில் இழந்தவற்றைக் கூறி முடித்துக்கொள்கிறேன். கருவிழிகள், பதினேழு; அவற்றுள் இரண்டு, ஒரே வீட்டைச் சேர்ந்தவை. அவற்றுக்காக அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தவர்கள், பதினேழு பேர். இதை எழுதும் நாள் வரை வேறு கருவிழி கிடைத்தவர்கள், பதினொருவர். கிடைக்காதவர்கள், ஆறு பேர். ஒரே வீட்டில் இருவர் முகம் பாராமல் கழித்த நாட்கள், நாற்பத்தொன்று. நிறுவனத்துக்கு, நிரல் எழுதும் பொறியாளர் ஒருவர், அவர் திரும்பவில்லை. வரவேற்பறைச் சுவரில், படங்கள் நான்கு. தலைமைப் பொறியாளருக்கு, படிவத்தில் ஒரு கட்டம். இப்போது அதில் நான்குதான் இருக்கின்றன.